வரலாற்று விதியும் வாசகன் நிலைப்பாடும்: அசிமோவின் 'பவுண்டேசன்' தொடர் பற்றிய ஒரு குறிப்பு

நெடுந்தொடர் ஒன்றை வாசித்தல் தனிநூல் வாசிப்பினின்றும் பண்பால் வேறுபட்டதாகும். தொடக்கத்தில் வாசகன் ஏற்றுக்கொண்ட உலகநோக்குப் பிந்திய நூல்களில் மாற்றமுறுவதை அவன் தன் இரசனையினூடாகவே உணர நேர்கின்றது. ஐசக் அசிமோவின் 'பவுண்டேசன்' விஞ்ஞானப் புனைகதைத் தொடரின் ஏழு நூல்களையும் அவை வெளிவந்த ஒழுங்கில் வாசித்தபொழுது எனக்கு ஏற்பட்ட உற்சாகமும், அதனைத் தொடர்ந்த ஐயமும் இவ்வகையில் ஆராயத்தக்கன.

1942 முதல் 1950 வரை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் வெளிவந்த கதைகளே 1951, 1952, 1953 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று நூல்களாயின. உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய கிப்பனின் வரலாறு இவற்றுக்குத் தூண்டுதலாயிற்று. 12,000 ஆண்டுகள் நிலைத்த விண்வெளிப் பேரரசு சிதையப்போகின்றது. அதன்பின் வரவிருக்கும் 30,000 ஆண்டுக்கால இருளை 1,000 ஆண்டுகளாகக் குறுக்கலாம் என ஹரி செல்டன் என்னும் கணித அறிஞர் கணிக்கின்றார். அவர் வகுத்த 'உளவரலாற்றியல்' தனிமனிதரை விடுத்து மக்கள்திரளையே கணிப்புக்கு எடுத்துக்கொள்கின்றது.

வரலாற்றை வீரபுருடரின் செயலாகக் காணும் நோக்குக்கு இது நேரெதிரானது. தளபதி பெல் ரியோசின் கதை இதற்குத் தக்க சான்றாகும். வலுவற்ற தளபதியால் பவுண்டேசனை வெல்லவியலாது; வலுமிக்க தளபதியையோ பேரரசன் சகித்துக்கொள்ளான். ரியோசின் தோல்வி எவரது சாதுரியத்தாலும் நேர்ந்ததன்று. பேரரசின் அமைப்பே அதனை நிர்ணயித்தது. வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தில் ஈடுபாடுடைய வாசகனுக்கு இப்பகுதி தரும் உவகை பெரிது.

ஆயின் செல்டனின் விதிகள் செயற்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மக்கள் அவ்விதிகளை அறியாதிருத்தல் வேண்டும். மார்க்சியத்தைப் பொறுத்தவரை, சமூக விதிகளை உழைக்கும் மக்கள் உணர்ந்துகொள்வதே மாற்றத்துக்கான சக்தியாகின்றது. அசிமோவிடமோ அவ்வுணர்வு திட்டத்தையே குலைத்துவிடுகின்றது. எனவே திட்டத்தைக் காப்பதற்கு மறைவிலிருந்து செயற்படும் அறிஞர் குழுவொன்று, 'இரண்டாம் பவுண்டேசன்', தேவையாகின்றது. 1982இல் வெளிவந்த நூலில் மனித குலத்தின் எதிர்காலத்தைத் திரெவைஸ் என்னும் ஒருவனே தெரிவுசெய்கின்றான். 1986இன் நூலில் 20,000 ஆண்டுகளாக வரலாற்றை நெறிப்படுத்தி வந்த இயந்திர மனிதன் டனீல் வெளிப்படுகின்றான். 1988இலும், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டாகிய 1993இலும் வெளிவந்த நூல்கள் செல்டனின் வாழ்க்கைக் கதையாகவே அமைந்துவிடுகின்றன. மக்கள்திரளிலிருந்து புறப்பட்ட தொடர் தனிமனிதனிடம் வந்து சேர்கின்றது.

இம்மாற்றத்தைப் பிற்காலத்துச் சறுக்கல் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அதன் வித்து முதல் நூலிலேயே உள்ளது. நெருக்கடிகளின்போது செல்டனின் உருவம் தோன்றி விளக்கமளிக்கையில், வாசகன் அவர் பக்கம் நின்றே மகிழ்கின்றான். அறியாமையில் இயங்கும் கோடிக்கணக்கானோரில் ஒருவனாகத் தன்னை அவன் எண்ணுவதில்லை. என் உற்சாகமும் இத்தகையதே. மக்களுக்காகத் திட்டமிடும் நிபுணரின் நோக்கு இவ்வாறு கதைச்சுவையாக வாசகனிடம் படிகின்றது.

இத்தொடரை நிராகரிப்பது இக்குறிப்பின் நோக்கமன்று. வரலாற்றுக்கு விதிகள் உண்டு என்பதை இத்துணைப் பரந்த வாசகர் கூட்டத்துக்குச் சுவைபடக் கூறிய புனைகதைகள் மிகச் சிலவே. ஆயினும் அவ்விதிகளை அறியும் உரிமை யாருக்குரியது என்னும் வினாவை எழுப்பியே நாம் அவற்றைப் பயிலுதல் வேண்டும்.