உளைவுக்கு ஏற்ற கை

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கடலோர வீதியில் சுற்றுலாப் பருவம் தொடங்கியதும் பலகைகள் முளைக்கும். தாய் மசாஜ், பாலி மசாஜ், சுவீடிஷ், டீப் டிஷ்யூ, ஆயுர்வேதம், சிரோதாரை. வெள்ளைக்காரருக்கு என்று எழுதப்பட்ட பலகைகள்தாம். ஆனால் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கழுத்து இறுகிப்போன நம்மூர்க்காரரும் இப்போது அவற்றின் முன்னால் நின்று யோசிக்கிறார்கள். நிற்பவர்கள் பெயரையும் விலையையும் பார்த்துத்தான் தெரிவுசெய்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. அந்தக் கை நம் உடம்பில் என்ன செய்யப் போகிறது? அதை அளக்க நம்மிடமே நல்லதோர் அளவுகோல் இருக்கிறது.

சித்த மருத்துவம் புறமருந்துகளை 32 என்று வகுக்கிறது. அவற்றில் ஒன்று தொக்கணம். எண்ணெய் பூசியும் பூசாமலும் உடம்பைப் பிடித்துவிடும் கலை. அதற்குள் ஒன்பது கைச்செயல்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். படிக்கையில் வெறும் வினைச்சொற்களாகத் தெரியும். கைதேர்ந்த பரியாரியார் ஒருவர் ஒரு கெண்டைக்காலை எடுத்துக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் இந்தப் பகுப்பின் நுட்பம் விளங்கும். முதலில் இரண்டு உள்ளங்கைகளும் தசையின் மேல் சும்மா இருக்கும். தசை அந்தச் சூட்டுக்குப் பழகும். பிறகு குதிகாலை ஒரு கை ஏந்த, மறு கை தசையை எலும்பிலிருந்து மெல்லத் தூக்கிப் பிடிக்கும். பிடித்ததை விடாமலே சற்று முறுக்கும். விட்ட இடத்தில் பெருவிரல் இறங்கி அழுத்தும். கடைசியில் காலையே தூக்கித் தளர்வாக அசைத்துப் பார்ப்பார். கால் தன் பாரத்தை அவர் கையில் முழுதாகக் கொடுத்துவிட்டதா என்று அந்த அசைவில் தெரிந்துவிடும். கொடுக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து.

இந்த ஒன்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பலகையை வாசியுங்கள். தாய்லாந்து முறையில் எண்ணெய் இல்லை. தளர்ந்த உடுப்போடு தரைமெத்தையில் படுக்க வேண்டும். செய்பவர் கைவலுவைக் காட்டுவதில்லை, தன் உடற்பாரத்தைச் சாய்க்கிறார்: உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம். அழுத்தல், இழுத்தல், அசைத்தல் மூன்றும்தான் அதன் உயிர். பாங்கொக் வாட் போ கோயிலில் அந்தக் கலையின் கோடுகளும் புள்ளிகளும் கல்லில் பொறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. 2019இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பவரைப் பாருங்கள். குதிகாலை மணலில் ஊன்றி, இடுப்பைப் பின்னால் சாய்த்து, மணிக்கணக்காக ஒரே பக்கத்து இழுவை. அந்த இடுப்புக்கும் தொடைப் பின்தசைக்கும் எதிர்த்திசையில் ஓர் இழுப்பு வேண்டும். எண்ணெய்த் தடவலைவிடத் தாய்லாந்து முறைதான் அதற்குப் பொருந்தும் என்பது என் துணிபு. உடுப்போடு இருப்பதால் கூச்சமுள்ளவர்களுக்கும் அது நல்ல தொடக்கம்.

சுவீடிஷ் என்பது வேறு மனநிலை. அதன் தடவல், பிசைதல், உரசல், தட்டல் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியவராகச் சொல்லப்படுபவர் யோகான் கேயோர்க் மெட்ஸ்கர் என்ற 19ஆம் நூற்றாண்டு ஒல்லாந்த மருத்துவர். வழுக்கும் எண்ணெயில் நீளநீளமாகப் போய்வரும் கை அதன் அழகு. குறிப்பிட்ட நோவு இல்லை, உடம்பு முழுக்க அலுப்பு மட்டும் என்றால் அதுவே போதும். டீப் டிஷ்யூ என்று எழுதியிருக்கும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். பலபேர் அதைப் பலமாக அமுக்குவது என்றே எண்ணிவிட்டார்கள். உண்மையில் எல்லா முறைகளிலும் ஆகப் பொறுமையானது அதுதான். முதுகெலும்பின் ஓரத்துத் தசையில் முழங்கை ஒரு சாண் தூரம் நகரப் பல மூச்சுகள் பிடிக்க வேண்டும். கெதியாக ஓடுகிற முழங்கை தசையைத் திறக்காது. தசை தன்னைக் காக்க இன்னும் இறுகும்; மறுநாள் கன்றிப்போய் நோவும்.

எண்ணெய்க்கு வருவோம், எனக்கு இதில்தான் மனம் ஒட்டும். நம் ஒவ்வொருவருக்கும் முதலில் கிடைத்த கை ஓர் அம்மம்மாவின் கையாகத்தான் இருந்திருக்கும். காலை நீட்டி இருந்து, கணுக்காலுக்கு மேல் குழந்தையைக் கிடத்தி, நெஞ்சிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரல்நுனிக்கும் நீவி, இரண்டு கைகளையும் குறுக்கே மடித்து விரித்து, பிறகு கால்களை. இடையில் ஒரு கை எப்போதும் உடம்பில் இருக்கும். இரண்டும் ஒருசேர எடுபடுவதில்லை. பிறகு எந்தக் கடையில் எந்த முறைக்குப் படுத்தாலும் இதை வைத்தே நான் கையை மதிப்பிடுகிறேன். கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டைப் போல, நல்ல கைக்கு எடுப்பும் விடுப்பும் ஒரே தாளத்தில் இருக்கும். தாளம் முறியும் ஒவ்வொரு தடவையும் படுத்திருப்பவர் விழித்துக்கொள்வார்.

ஆயுர்வேத அபியங்கம் இந்தத் தாளத்தை இரட்டிப்பாக்குகிறது. முறையாகச் செய்யும் இடங்களில் இருவர், உடம்பின் இருபுறமும், ஒரே நேரத்தில் ஒரே அளவில் கையை ஓட்டுவார்கள். பெரும்பாலும் நல்லெண்ணெயில் மூலிகை காய்ச்சிய தைலம், இளஞ்சூடாக. இரண்டு கைகளும் சற்றே பிந்தி முந்திப் போனால் அதன் அருமை கெட்டுவிடும். ஒத்துப்போனால் எந்தக் கை யாருடையது என்ற நினைவே அற்றுப்போகும். சிரோதாரை பிடித்துவிடும் கலையே அல்ல. நெற்றியில் எண்ணெய் நூலாக இறங்கி இடமும் வலமும் ஆறுதலாகப் போய்வரும், அவ்வளவுதான். தோள் இறுகியவர் அதற்குப் போய்ப் பயனில்லை. தலைக்குள் வேலை ஓயாமல் ஓடுகிறவர் போகலாம். கேரளத்தின் சவிட்டித் திருமல், மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதத்தால் உருவுவது. களரிப் பயிற்சியோடு வளர்ந்த கலை. பழகாத உடம்பு அதில் தொடங்க வேண்டாம்.

எண்ணெய்க்குப் பிறகு சூடு. திருகோணமலைக்காரருக்கு அதற்கும் ஊர் கொடுத்த வசதி உண்டு. அநுராதபுர வீதியில் கன்னியா. ஏழு சதுரக் கிணறுகள், ஆழம் குறைந்தவை; ஒவ்வொன்றுக்கும் சற்றே வேறான சூடு. இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் மொண்டு ஊற்ற வேண்டும். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூடிய சூட்டுக்குப் போங்கள். பிடரியிலும் தோளிலும் வெந்நீர் விழுகிற அந்த வீச்சு, எந்தக் கையும் செய்ய முடியாத வேலையைச் செய்யும். எண்ணெய் முழுக்கை வீட்டில் வைத்துக்கொண்டு, கன்னியாவை இன்னொரு நாளுக்கு வைப்பது நல்லது.

சலூன்காரரின் தலைப்பிடியையும் நான் விட்டுவிட மாட்டேன். உள்ளங்கைகளை உட்குழிவாகச் சேர்த்து உச்சந்தலையில் அவர் எழுப்பும் சடசடவென்ற ஓசை தட்டலின் உச்சம். ஓசை பெரிது, அடி மெல்லியது. ஆனால் கடைசியில் தாடையையும் பின்தலையையும் பிடித்துக் கழுத்தை வெடுக்கென்று திருப்ப வருவார். அப்போது கையைப் பிடித்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூளைக்குப் போகும் நாடிகளில் சில கழுத்தெலும்புகளின் துளைகளூடாக ஏறுகின்றன. திடீர் முறுக்கில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். நெட்டி முறிகிற சுகத்துக்கு அந்த விலை கூடாது.

உடம்பே வேண்டாம் என்று சொல்லும் வேளைகளும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நொந்தால் அதைப் பிடித்துவிடக் கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். காய்ச்சல் உடம்பை யாரும் அமுக்கக் கூடாது; அது டெங்குவாகவும் இருக்கலாம். 2017இல் டெங்கு இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்பதைக் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. விழுந்து எழும்பிய நோவு என்றால் முதலில் எக்ஸ்ரே. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். நாட்பட்ட மூட்டு நோவும் வாதமும் கடற்கரைப் பலகைக்கு உரியவை அல்ல. அவற்றுக்குப் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. தொக்கணத்தை உளைவுக்கு மட்டுமன்றி நோய்க்கும் பார்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம்.

பெண்கள் பெண் கையைக் கேட்டு வாங்கலாம், தயங்க ஒன்றுமில்லை. நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெயை முதுகில் நேரே ஊற்றுகிறாரா, தன் உள்ளங்கையில் சூடாக்கிக்கொண்டு தொடுகிறாரா என்பதையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே நோகிறது, எப்போதிருந்து என்று கேட்கிறாரா? கேட்பவர் எந்த முறையில் பழகியிருந்தாலும் உடம்பைக் கொடுக்கலாம். கேட்காமலே தொடங்குகிறவரிடமிருந்து, காசு கட்டியிருந்தாலும், எழும்பி வந்துவிடுங்கள்.