பினாங்குப் பிள்ளை, சிங்கப்பூர்ப் பதக்கம்

2021 டிசம்பரில் ஸ்பெயினின் உவெல்வா நகரில் உலக இறகுப்பந்துச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். நம் ஊரில் பார்த்தவர்கள் கிடம்பி ஸ்ரீகாந்துக்காகத்தான் பார்த்தார்கள். முதல் கேமில் 9-3 என்று அவர் முந்தியும் இருந்தார். அதற்குப் பிறகு எதிரே நின்றவர் வேகத்தைக் கூட்டினார். 21-15, 22-20 என்று ஆட்டம் கைமாறிப் போனது. எதிரே நின்றவர் லோ கியன் இயூ. அதே போட்டியின் காலிறுதியில் நம் பிரணாயையும் வென்றவர். உலகப் பட்டம் வென்ற முதல் சிங்கப்பூர்க்காரர் என்று அவரைக் கொண்டாடினார்கள். அவர் பிறந்தது மலேசியாவின் பினாங்கில்.

இறகுப்பந்தில் நாடு மாறி ஆடுவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. அதை வாழ்த்துகிறவர்களும் உண்டு, துரோகம் என்று ஏசுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கமுமே அவசரப்படுகிறது என்பது என் எண்ணம். யார், எந்த வயதில், எதற்காகப் போனார்கள், போன இடம் அவர்களுக்கு என்ன செய்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல் இதில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

லோ கியன் இயூவையே எடுத்துக்கொள்வோம். 1997-இல் பிறந்தவர். பள்ளி வயதிலேயே சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியின் உதவித்தொகை கிடைத்து, அண்ணன் படித்த அதே பள்ளிக்குப் போனார். மலேசியா, சிங்கப்பூர் இரண்டுமே இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எனவே ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பெற முடியும். சிங்கப்பூரில் குடிமகனான ஆண்பிள்ளை கட்டாய ராணுவச் சேவை செய்தாக வேண்டும். ஓர் ஆட்டக்காரனின் கால்கள் துடிப்பாக இருக்கும் வயது அதில் போகும். அவரும் போய் முடித்துவிட்டுத்தான் வந்தார். 2019-இல் தாய்லாந்து மாஸ்டர்ஸ் இறுதியில் சீன ஜாம்பவான் லின் டானை வென்றபோதுதான் வெளியுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் அவரை விலைக்கு வாங்கிய ஆட்டக்காரர் என்று சொல்ல மாட்டார்கள். சிங்கப்பூர் வளர்த்தது, சிங்கப்பூர் வென்றது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

விழுப்புரம் பக்கத்துப் பனமலை மாதிரி ஊரில் ஷட்டில் என்றால் சவுக்குக் கழி இரண்டை நட்டு, வலையை இழுத்துக் கட்டி, காற்று அடங்கும் நேரம் பார்த்து ஆடுவதுதான். இறகு ஷட்டில் கட்டுப்படியாகாது, நைலான்தான். ஆடிக் காற்றில் அதுவும் எல்லைக்கோட்டைத் தாண்டி ஏரிப் பக்கம் போய் விழும். அங்கே கையில் சரக்குள்ள ஒரு பிள்ளை இருந்தால் முதலில் விழுப்புரத்துக்கு அனுப்புவோம். பிறகு சென்னைக்கு, வாய்த்தால் ஹைதராபாத்தில் கோபிசந்த் அகாடமிக்கு. வேறு மாநிலத்துக்கு ஆடத் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை. மரத்தரை போட்ட உள்ளரங்கமும் நல்ல கோச்சும் இருக்கும் இடத்துக்குப் பிள்ளை போகத்தான் செய்யும். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் போனதும் அந்தப் பாதையின் நீட்சிதான்.

தவிர, புதுச்சேரியை ஒட்டி வாழும் நமக்குக் குடியுரிமை மாறுவது புதிதும் இல்லை. 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

இந்தோனேசியாவின் மியா ஆடினாவின் கதை லோவினுடையதைவிடக் கனமானது. 1994-இல் பெண்கள் அணிகளுக்கான ஊபர் கோப்பை இறுதி, ஜகார்த்தா. இந்தோனேசியாவும் சீனாவும் 2-2 என்று நிற்க, கடைசி ஆட்டத்துக்குப் பதினான்கு வயதுப் பெண்ணை இறக்கினார்கள். மியா, சீனாவின் ஜாங் நிங்கை வென்று கோப்பையைத் தன் நாட்டுக்குக் கொடுத்தார். 1996 அட்லாண்டாவில் வெள்ளியும் வாங்கிக் கொடுத்தார். பிறகு திருமணமாகி நெதர்லாந்து போனார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அவருக்கு எதிரே நின்றது அதே ஜாங் நிங். இந்த முறை மியா தோற்றார். வெள்ளி நெதர்லாந்துக்குப் போனது. இந்தோனேசியாவில் அவர் மேல் வருத்தப்பட்டவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சீன வம்சாவளியைச் சேர்ந்தவர். அந்த வம்சாவளியினர் அங்கேயே பிறந்திருந்தாலும் குடியுரிமையை நிரூபிக்கத் தனிச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்த காலம் அது. நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1992-இல் வென்ற சுசி சுசாந்திக்கே அந்தத் தொல்லை இருந்தது. பதக்கத்தைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு, பதக்கம் வென்றவரிடம் நீ யார் என்று கேட்கும் நாட்டுக்கு விசுவாசம் பற்றிப் பேச வாய் இல்லை.

நாடு மாறும் வழக்கத்தின் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. டோனி குணவான் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்காக இரட்டையர் தங்கம் வென்றவர். 2005-இல் ஹோவர்ட் பாக்குடன் சேர்ந்து அமெரிக்காவுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இறுதியில் தோற்றவர்களில் ஒருவர் சிட்னியில் அவரோடு தங்கம் வென்ற சந்திரா விஜயா. உலக இறகுப்பந்துச் சாம்பியன்ஷிப்பில் அமெரிக்கா வென்ற பட்டம் அது ஒன்றுதான். அதன்பின் இன்றுவரை இன்னொன்று வரவில்லை. முழுதாய் வளர்ந்த ஆட்டக்காரரைக் கொண்டுவந்தால் பதக்கம் வரும், பயிற்சி முறை கூடவே வந்துவிடாது. நெதர்லாந்தும் மியாவையும் சீனாவிலிருந்து வந்த யாவ் ஜியேயையும் வைத்து 2006 ஊபர் கோப்பை இறுதி வரை போனது. அந்த இடத்துக்கு மறுபடி வரவில்லை. ஜெர்மனியில் மட்டும் சற்று மாறுதல்: சீனாவிலிருந்து வந்த ஷூ ஹுவாய்வென் ஆடிய காலத்திலேயே ஜெர்மானியப் பெண் யூலியானே ஷெங்க்கும் வளர்ந்தார், 2011-இல் உலக வெண்கலமும் வென்றார்.

எனக்கு உறுத்துவது இதுவும் இல்லை. விழுப்புரம், கடலூர் பக்கத்து ஊர்களிலிருந்து வேலைப் பெர்மிட்டில் சிங்கப்பூர் போய்க் கட்டடம் கட்டுகிறவர்களை நாம் அறிவோம். எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அந்தப் பெர்மிட்டை வைத்து நிரந்தரவாசம் கேட்டு விண்ணப்பிக்கவே முடியாது. அதே நாடு 1990-களிலிருந்து வெளிநாட்டு விளையாட்டுத் திறனாளர் திட்டம் வைத்து ஆட்களை வரவழைத்தது. 2008 பெய்ஜிங்கில் சிங்கப்பூருக்கு மேசைப்பந்து வெள்ளி வாங்கித் தந்த மூவரும் சீனாவில் பிறந்தவர்கள். ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குடியுரிமை என்பது பதக்கத்துக்குக் கொடுக்கும் கூலியாகிவிட்டால் மற்ற உழைப்பு மலிவாகிப்போகிறது. 1948-இல் ஒரு சட்டத்தால் நாடற்றுப்போன இலங்கை மலையகத் தமிழரின் வரலாறு தெரிந்த நாம் இதை எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

இந்தியா கதவைச் சாத்தியே வைத்திருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் நம் குடியுரிமை போய்விடும். 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே நாட்டுக்காக ஆடலாம் என்று முடிவெடுத்தது. நம் சென்னை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ் அமெரிக்காவில் பிறந்தவர். அதுவரை டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தார், அத்தோடு நின்றது. ஆள் வாங்கும் பந்தயத்தில் இறங்காதது நல்ல முடிவு. ஏற்கெனவே இந்தியச் சட்டை போட்டு ஆடிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து வெளியே நிறுத்தியது சரியில்லை. அவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்க வேண்டும்.

பழைய நாட்டுக்குக் கடைசியாக ஆடியதிலிருந்து மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஒலிம்பிக் விதி. இரு நாட்டு ஒலிம்பிக் குழுக்களும் அந்த விளையாட்டின் உலகச் சம்மேளனமும் ஒத்துக்கொண்டால் அதைக் குறைக்கலாம், நீக்கியும் விடலாம். அந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்பேன். கல்யாணத்தாலோ படிப்பாலோ நாடு மாறியவர் மூன்று ஆண்டு காத்திருப்பார். குணவான் 2005-இலேயே அமெரிக்காவுக்கு உலகப் பட்டம் வென்றிருந்தும், குடியுரிமை கிடைக்கும்வரை ஒலிம்பிக்குக்குக் காத்திருந்து 2012-இல்தான் லண்டனில் அமெரிக்காவுக்கு ஆடினார். அடுத்த ஒலிம்பிக்குக்காக மட்டும் ஆளைத் தேடும் நாடு அவ்வளவு நாள் காத்திருக்காது.