பட்டையில் தெரியும் கத்தி

மரச்சிற்பத்தை ரசிக்க நமக்குப் பழகிய வழி ஒன்றுதான்: எவ்வளவு நுணுக்கம், எவ்வளவு வழவழப்பு? தம்மம்பட்டியிலும் அரும்பாவூரிலும் வாகையில் செதுக்கும் சாமி சிலைகளுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். ஸ்காண்டிநேவியாவின் பட்டைச் செதுக்கலுக்கு அது உதவாது. அங்கே உப்புத்தாளுக்கு வேலையே இல்லை. கத்தி சீவிய தட்டைப் பரப்புகளை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டைகள்தான் சிற்பம். அவற்றைப் பார்க்கத் தெரிந்தால், செதுக்கியவர் கையில் எவ்வளவு நீளக் கத்தி இருந்தது என்றுகூட ஊகிக்க முடியும்.

இந்தப் பாணியில் தவறாமல் பார்க்க வேண்டியவர் ஸ்வீடனின் ஆக்செல் பெட்டர்ஸன் (1868–1925). டோடர்ஹுல்ட் என்ற தன் ஊர்ப் பெயரை ஒட்டி ‘டோடர்ஹுல்டார்ன்’ என்றே அறியப்பட்டவர். குடியானவர்கள், மெலிந்த குதிரைகள், சவ அடக்கத்துக்கு வந்து நிற்கும் கூட்டம் என்று தன்னைச் சுற்றி இருந்தவர்களையே மரத்தில் நிறுத்தினார். ஒஸ்கார்ஷாம்ன் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய பொம்மைகள் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்துக்கு முன்னால் முதுகைப் பாருங்கள். கோட்டு சில பெரிய வெட்டுகளில் முடிந்துவிடும். ஒவ்வொரு மடிப்பையும் காட்டியிருந்தால் அந்த உடம்பின் களைப்பு நமக்கு எட்டியிருக்காது.

பெரிய பட்டை எப்படி விழுகிறது? பென்சிலை பிளேடால் சீவியவர்களுக்கு இது கைப்பழக்கத்திலேயே தெரியும்: ஒரே இழுப்பில் சீவினால் ஒரு பளபளப்பான பட்டை, தயங்கித் தயங்கிச் சீவினால் படிப்படியான தழும்புகள். மரத்திலும் அதுவே. பட்டையின் அகலத்தைவிட அலகு நீளமாக இருந்தால் கூர்முனை மரத்துக்கு வெளியே நிற்கும்; வெட்டு சுத்தமாக விழும். அலகு குட்டையானால் முனை பட்டையின் நடுவிலேயே ஓடி மெல்லிய கீறலை விட்டுப்போகும். அகலமான பரப்பில் அப்படிக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால், பெரும்பாலும் கத்தி போதவில்லை என்று அர்த்தம். நீண்ட அலகில் இன்னொரு வசதி, கைப்பிடி ஓரத்தில் தொடங்கி முனைவரை இழுத்தபடி அறுக்கலாம். அழுத்தித் தள்ளுவதைவிட இழுத்து அறுப்பதில் மர இழை பிய்யாது.

அதற்காக நீளமே நல்லது என்று வாங்கிவிட வேண்டாம். முனை கையிலிருந்து தள்ளிப்போகப் போக அதன்மேல் பிடி தளரும், மணிக்கட்டுக்குச் சுமை கூடும். மூக்கோரம், கண்குழி, விரலிடுக்கு போன்ற இடங்களில் நீண்ட அலகு திரும்பாது. ஒன்று முதல் ஒன்றேகால் அங்குலம் முகத்துக்கு. ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் உடம்புக்கு. அதற்கு மேல் கட்டையை உருவத்துக்குக் கொண்டுவரும் முதல் சீவலுக்கு. ஸ்வீடனின் மோரா கத்திகளில் 120-ஆம் எண் சுமார் 60 மில்லிமீட்டர், 106-ஆம் எண் சுமார் 80. மேல்நாட்டுக்காரர்கள் செதுக்கும் பாஸ்வுட் மிக மென்மையானது. நமக்குக் கிடைக்கும் குமிழிலோ, சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குக் கடையும் வெட்பாலையிலோ தொடங்குகிறவருக்கு ஒன்றேமுக்கால் அங்குலக் கத்தி ஒன்றே போதும் என்பது என் துணிபு. சாணை பிடிக்கும்போது சரிவை உருட்டாமல் தட்டையாக வைத்திருங்கள். அலகின் கன்னம் மரத்தில் படிந்து ஓடினால்தான் பட்டையும் தட்டையாக வரும்.

சென்னையை அடுத்த சிறுசேரியில் இருப்பவர்கள் கண்ணைப் பழக்க ஸ்வீடன் போக வேண்டியதில்லை. கேளம்பாக்கம், கோவளம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம். 1996-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில், செட்டிநாட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடு இருக்கிறது. அதன் மரவேலை கத்தியால் அல்ல, உளியால் செய்தது, நோக்கமும் வேறு. ஆனால் கருவியின் தடத்தைத் தேடும் பழக்கத்துக்கு நல்ல இடம். நேரே நின்று பார்க்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒதுங்கி நில்லுங்கள். பூவேலையின் நடுவைவிட அதன் பள்ளத்தையும் ஓரத்தையும் பாருங்கள், தேய்க்கும் கை எளிதில் எட்டாத இடங்கள் அவை. தடம் தெரிந்தால், அது எத்தனை அகல உளி, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். காலையிலேயே போவது நல்லது, செவ்வாய்க்கிழமை விடுமுறை.