சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை

ராயப்பன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடிந்த கையோடு நிழலும் போய்விடும். பந்தலில் மிஞ்சுவது கம்பியும் மொட்டைக் கொடியும்தான். அதன் கீழே அண்ணாந்து நின்று கொடியை இழுத்துக் கட்டும் பெண்களின் முகத்தில் வெயில் நேராக இறங்கும். சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை; தலையில் துண்டு, அதன் முனை கன்னத்தை மூடியிருக்கும். ஏன் என்று கேட்டால், "இல்லாட்டி கறுத்துப் போயிருவோம்ல" என்பார்கள். புற்றுநோய் என்ற பேச்சே வராது.

இதை அழகு ஆசை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் ராயப்பன்பட்டி இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் நேர் உச்சிக்கு வருகிறது. தோல் புற்று மிகுந்த ஆஸ்திரேலியாவில் 1981இல் தொடங்கிய பிரசாரத்தின் முதல் பாடமே சட்டையைப் போடு என்பதுதான். களிம்பும் தொப்பியும் அதற்கு அடுத்தவை. நம் பெண்கள் யாரும் சொல்லாமலே அதைச் செய்கிறார்கள். ஒரு குறை உண்டு: நைந்துபோன, வேர்வையில் ஊறிய பருத்தித் துணி புற ஊதாக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிற சட்டை தோட்டத்துக்கு ஆகாது.

பெரிய கோளாறு காரணத்தில் இருக்கிறது. நிறத்துக்காக மூடுவதால், நிறம் பார்க்காத ஆண்கள் வெற்றுடம்போடு நிற்கிறார்கள். கண்ணை யாரும் நினைப்பதில்லை. கண்புரைக்கு வெயிலும் ஒரு காரணம், அகல விளிம்புத் தொப்பி அதற்கு உதவும். நிறப் பயம் மெடிக்கல் ஷாப் வரைக்கும் போகிறது. சிவப்பாக வேண்டும் என்று ஸ்டீராய்டு களிம்பை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும். கறுப்புக்குத் தப்பப் பூசியது வெயிலைத் தாங்க முடியாமல் செய்துவிடுகிறது.

"கறுப்புத் தோலுக்குப் புற்று வராது" என்பதில் பாதி உண்மை. மெலனின் நல்ல காவல். வெள்ளைத் தோல் மக்களைவிட நமக்குத் தோல் புற்று மிகக் குறைவு. ஆனால் வரும்போது, வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரக்கூடும். பாடகர் பாப் மார்லி 1981இல் இறந்தது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால். ஆறாத பழைய தீக்காயத் தழும்பிலும் புற்று வரும். திராட்சைக்காரர்கள் அறிய வேண்டிய கதை இன்னொன்று: ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ஆர்செனிக் மருந்தடித்த திராட்சை விவசாயிகள் பலருக்குத் தோல் புற்று வந்தது, 1942இல் அந்த மருந்தைத் தடை செய்தார்கள். இன்றைய மருந்துகள் வேறு. ஆனாலும் வெறுங்கையோடும் வெறுங்காலோடும் மருந்தடிக்கும் பழக்கம் இங்கே மாறவில்லை.

முழுக்கைச் சட்டையை விட வேண்டாம், ஆண்களும் போடுங்கள். இரவு கால் கழுவும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு மாதமாகியும் ஆறாத புண், நகத்தில் புதிதாய்க் கறுப்புக் கோடு, பெரிதாகும் மச்சம் எது கண்ணில் பட்டாலும் மஞ்சள் வைத்துக் காத்திருக்காமல் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.