மூங்கைப் பிள்ளையும் தார் சுற்றும் அக்காவும்

தமிழில் விமர்சனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் இறையனார் களவியல் உரை சொல்லும் கதை ஒன்றைத்தான் நான் காட்டுவேன். 60 சூத்திரங்களுக்கு ஆளுக்கோர் உரை கண்ட சங்கப் புலவர்களுக்கு எது மெய்யுரை என்பதைத் தமக்குள் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மனிடம் போகிறார்கள். ஐந்து வயது, வாய் பேசாத மூங்கைப் பிள்ளை. ஒவ்வொருவரும் உரை சொல்ல அவன் சும்மா இருக்கிறான். மருதனிளநாகனார் உரைக்கு அங்கங்கே கண்ணீர் விடுகிறான். நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் கண்ணீர், மயிர்க்கூச்செறிகிறது. தீர்ப்பு ஆகிவிட்டது.

எம்.ஏ. படிக்கையில் இது பரீட்சைக்கான ஒரு விடை. இப்போது வேறொன்று உறுத்துகிறது. புலமைக்கு வெளியே இருக்கும் ஒருவரின் ஒப்புதல் புலமைக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஒருவர் ஊமையாக இருக்க வேண்டியிருக்கிறது. அழலாம், சிலிர்க்கலாம். 'இப்படி ஏன் உரை சொல்றீங்க' என்று கேட்க முடியாது. அதுவும் போதாதென்று அவன் சாபத்தால் பிறந்த குமாரசுவாமி என்று உரை சொல்லிவிடுகிறது. சாதாரணப் பிள்ளையின் கண்ணீர் செல்லுபடியாகாது போலும்.

இரண்டாவது காட்சி 1880 அக்டோபர், கும்பகோணம். கல்லூரித் தமிழாசிரியரான உ.வே.சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசையவில்லை. இதற்கெல்லாம் முந்திய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்கிறார். நடந்தது ஒரு பேச்சு, அவ்வளவுதான். ஆனால் 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம் என்று பதிப்புகள் அந்தப் பேச்சிலிருந்து வந்தன.

முதலியார் தொழில்முறைப் புலவரல்லர். படிக்க ஆசைப்பட்ட வாசகர். அவர் கேள்வி காதில் ஏறியதற்கு முன்சீபு உத்தியோகமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் முக்கியமானது வேறு. இந்த உரையாடல் இன்று நமக்குத் தெரிவது, கேள்வியால் கர்வம் உடைந்தவரே அதை எழுதி வைத்ததால். ஏறத்தாழ 60 வருஷம் கழித்து, ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய 'என் சரித்திர'த்தில் ஐயர் அதை மறைக்காமல் சொன்னார்.

எனக்கும் அப்படியொரு கேள்வி வந்தது. நான் எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை, திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் நடுவில் இருக்கிறது. திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்ததே 1960 ஏப்ரல் 1இல்தான். நெசவு வீடுகள் பலவற்றில் இன்றும் பேச்சு தெலுங்கு, பள்ளிக்கூடமும் புத்தகமும் தமிழ். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட 2012இல்தான் தறிக்கொட்டகை வாசல்களில் பேச்சு பெருகிற்று. கரண்ட் போச்சுன்னா கூலி, நூல் விலை, சினிமா, நடுவில் யாரோ நூலகத்திலிருந்து எடுத்து வந்த பொன்னியின் செல்வன். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. கல்கி அந்த முடிச்சை முழுசாக அவிழ்க்காமல் விட்டதுதான் சண்டைக்கு முதல். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானவர்கள் பேரைச் சொல்கிறது என்றேன் நான். தறி ஓட்டும் ஒருத்தர் சொன்னார்: "அது ராஜா வெட்டி வச்ச கல்லு சார். அவரு சொன்னதத்தான் சொல்லும்."

இந்த ருசியில் நாலைந்து பேர் சேர்ந்து மாதம் ஒருநாள் வாசகர் கூட்டம் என்று ஆரம்பித்தோம். எம்.ஏ. முடித்த கையோடு, தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' படித்துவிட்டு, ரொலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரண'த்தைத் தோளில் சுமந்து திரிந்த காலம் எனக்கு. மூன்றாவது கூட்டத்துக்குத் தார் சுற்றும் ஓர் அக்கா வந்தார். அஞ்சு பாகமும் படித்திருந்தார். படிக்கத் தெரியாத மாமியாருக்கு ராத்திரி ராத்திரி தெலுங்கில் கதையைச் சொல்லியும் முடித்திருந்தார். அவர் கேட்டார்: "இந்தக் கதையில எவ்ளோ பட்டு, பீதாம்பரம் வருது. அத நெய்யறவங்க ஒருத்தர் பேராவது யாருக்காச்சும் ஞாபகம் இருக்குதா சார்?"

யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. நான் சொன்னேன்: "இது வெகுஜன நாவல்க்கா, இதுல போய் அதெல்லாம் தேடக்கூடாது. அதுவுமில்லாம இது இலக்கியக் கேள்வி இல்ல." பிறகு அரைமணி நேரம், ஆசிரியன் இறக்கும் இடத்தில்தான் வாசகர் பிறக்கிறார் என்பதை விளக்கினேன். பிறந்த வாசகர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அப்புறமும் வரவில்லை.

பிரதி எதைச் சொல்கிறது என்பதைவிட எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே வாசிப்பின் வேலை என்ற பொருள்பட பியர் மாஷெரி 1966இல் எழுதியதைச் சில வருஷம் கழித்துப் படித்தேன். படிக்கும்போது கேட்டது அந்த அக்காவின் குரல். ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னால் கோட்பாடு, தார் சுற்றுகிறவர் கேட்டால் 'இலக்கியக் கேள்வி இல்ல'. தீர்ப்பளிக்கும் இந்த அதிகாரத்தை எனக்கு யார் கொடுத்தது? க.நா.சு. காலத்திலிருந்தே சிறுபத்திரிகைகள் எது நல்ல எழுத்து என்ற பட்டியலுக்குக் கொடுத்த கவனத்தில் பாதியைக்கூட எது நல்ல கேள்வி என்பதற்குக் கொடுக்கவில்லை. பட்டியல் புத்தகத்தை மூடி வைக்கிறது. அக்காவின் கேள்விக்குப் பிறகு அஞ்சு பாகத்தையும் மறுபடி பிரித்தாக வேண்டியிருக்கிறது. முன்சீபின் கேள்வி செய்ததும் இதைத்தான்.

சாதாரணப் பேச்சைப் புனிதமாக்க இதைச் சொல்லவில்லை. எழுத்தாளர் என்ன சாதி என்பதில் தொடங்கி அங்கேயே முடியும் பேச்சும் அதே கொட்டகை வாசலில்தான் நடக்கிறது. டி.கே.சி.யின் நெல்லை வட்டத்தொட்டியில் பேச்சே விமர்சனமாக இருந்தது. ஆனால் அந்த வட்டத்துக்கும் ஒரு மையம் இருந்தது, எங்கள் சின்னக் கூட்டத்துக்கு நான் மையமாகிப் போனதைப் போல. சகஜமான பேச்சு என்பதாலேயே அதில் அதிகாரம் இல்லை என்றாகிவிடாது. இந்தக் கட்டுரையிலும் அந்த ஆபத்து உண்டு. அக்காவை இன்னொரு மூங்கைப் பிள்ளையாக உட்கார வைத்து, என் உரைக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளும் காரியத்தை நான் செய்துவிடக்கூடும்.

அதனால் எழுதுமுன் அவரைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கேள்வியை வைத்து எழுதட்டுமா என்று கேட்டேன். சிரித்தார். "அது நான் கேட்டதில்ல சார். எங்க மாமியார் கேட்டாங்க. நான் கத சொல்லச் சொல்ல, யார் நெஞ்ச பொடவ அதுன்னு கேட்டுக்குனே இருப்பாங்க. எனக்குத் தெரியல, உங்களுக்காவது தெரியும்னு வந்து கேட்டேன்." மாமியார் கைத்தறியில் நெய்தவர். இப்போது இல்லை.

நக்கீரர் உரை எழுத்துக்கு வருமுன் தலைமுறை தலைமுறையாக வாய்வழியே வந்தது என்பார்கள். யார் யாருக்குச் சொன்னார் என்ற பேர் வரிசையோடு வந்திருக்கிறது. பழைய கூட்ட நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் கூட்டத்துக்கு நேராக என் கையெழுத்தில், 'கல்கி நாவல் குறித்துக் கலந்துரையாடல். 11 பேர் வந்திருந்தனர்' என்றிருக்கிறது. அதன் கீழே கேள்வியை இப்போது எழுதியிருக்கிறேன். கேட்டவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. மாமியார் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. போய்க் கேட்க வேண்டும்.