மோட்டார் சைக்கிளும் ரசனையும்

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை. முன்னால் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பெஞ்சு, ஒரு வைஸ், கை துடைக்க ஒரு சாக்கு நிறையப் பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அதற்கு வராது. உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நான், அவருடைய வண்டி வழியில் நின்றுபோனதால், அந்தப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார நேர்ந்தது.

அப்போது தெருவே அதிரும்படி ஒரு புல்லட் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் இளைஞன். வண்டி 1988-ம் வருஷத்தது. அதைப் பிரித்து, வெட்டி, புது உருவம் கொடுத்திருந்தான். உயர்ந்த ஹாண்டில்பார் போய், முன் போர்க்கைக் கவ்விப் பிடிக்கும் தாழ்ந்த ஹாண்டில்பார் வந்திருந்தது. மட்கார்டுகள் இல்லை. சீட் ஒருவருக்கு மட்டும். பின்னால் குளவிக்கூடு மாதிரி ஒரு திமில். கால் வைக்கும் கம்பிகள் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தன. புகைக்குழாயைச் சுற்றிக் கட்டுத்துணி மாதிரி ஒரு நாடா. சக்கரங்களில் சேற்று நிலத்துக்கான கனத்த கட்டை டயர்கள். சைலன்ஸர் பெயரளவுக்கு ஒரு சாண்.

"எப்படிங்க சார் இருக்குது? ரெண்டு மாசச் சம்பளம் போச்சுங்க" என்றான்.

"ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன்.

அவன் சந்தோஷமாகப் போனான். எங்கள் வண்டியின் கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமலே, "ஏனுங்க தம்பி, நெசமாவே நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுத உத்தேசம். கதை எழுதுகிறவனுக்கு மோட்டார் சைக்கிளில் என்ன அபிப்பிராயம் வேண்டிக் கிடக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

இந்த மாதிரி வண்டிக்கு 'கபே ரேசர்' என்று பெயர். பிறந்த இடம் இங்கிலாந்து. காலம் 1950-களும் 60-களும். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் 1938-ல் லாரி டிரைவர்களுக்காக ஆரம்பித்த ஏஸ் கபே, யுத்தத்துக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் கூடும் இடமாயிற்று. மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. கையில் பணம் குறைவு. கம்பெனி கொடுத்த வண்டியில் வேகத்துக்கு உதவாததைக் கழற்றி எறிந்தார்கள். உதவுவதைப் பந்தய வண்டிகளைப் பார்த்துத் தாங்களே செய்துகொண்டார்கள்.

அவர்கள் செய்த ஒவ்வொரு மாறுதலுக்கும் ஒரு காரணம் இருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்ல வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். ஆகவே, எஞ்சினின் சக்தியைக் கூட்டுவதைக் காட்டிலும் ஓட்டுகிறவன் குனிந்துகொள்வது மலிவான உபாயம். அவன் குனிவதற்காக ஹாண்டில்பார் தாழ்ந்தது. குனிந்தவனுக்குக் கால் மடங்கி இடிக்காமலிருக்கக் கம்பிகள் பின்னுக்குப் போயின. ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது பின்னால் சரிந்துவிடாமலிருக்கச் சீட்டில் திமில் வந்தது. அப்படிக் குனிந்திருப்பவனின் மார்பை, வேகமாகப் போகும்போது, எதிர்க்காற்றே தாங்கிக்கொள்ளும். மணிக்கட்டில் பாரம் விழாது.

இந்தக் குனிதல் எதுவரை போகும் என்பதை 1948 செப்டம்பர் 13-ம் தேதி அமெரிக்காவின் பான்வில் உப்பு வெளியில் ரோலி பிரீ என்பவர் காட்டினார். தோல் உடை காற்றில் கிழிந்து படபடத்து வேகத்தைக் குறைத்ததாம். அதைக் களைந்துவிட்டு, நீச்சல் நிஜாரோடு வண்டியின் மேல் குப்புற நீட்டிப் படுத்தபடி மணிக்கு 150 மைலுக்குச் சற்று மேல் ஓட்டினார். அந்தப் புகைப்படத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு அந்த உடம்பின் நேர்கோடு மனசில் தங்கிவிடும். அழகாக இருக்க வேண்டும் என்று அவர் படுக்கவில்லை.

அவர் ஓட்டியது ஒரு வின்சென்ட். பிலிப் வின்சென்ட், ஆஸ்திரேலியரான பில் இர்விங் இருவரும் உருவாக்கிய வண்டி. அவர்களுடைய 'பிளாக் ஷாடோ' 998 சி.சி., 55 குதிரைச் சக்தி. மணிக்கு 125 மைல் போகும். பார்த்தால் எஞ்சினைத் தவிர வேறு ஒன்றுமே இல்லை போலிருக்கும். உண்மையும் அதுதான். மற்ற வண்டிகளில் எஞ்சினைச் சுற்றி ஒரு குழாய்ச் சட்டம் தொட்டில் போல இறங்கி ஏறும். யுத்தத்துக்குப் பிறகு வந்த வின்சென்டில் அந்தத் தொட்டில் இல்லை. மேலே பெட்டி போன்ற ஒரு முதுகெலும்பு. அதற்குள்ளேயே எஞ்சின் எண்ணெய். அதிலிருந்து எஞ்சின் தொங்குகிறது. எஞ்சினே சட்டத்தின் ஒரு பகுதியாகப் பாரம் தாங்குகிறது. ஒரு உறுப்பு இரண்டு வேலை செய்யும்போது இன்னொரு உறுப்பு தேவையில்லாமல் போகிறது. சக்கரத்தைக் கழற்றக்கூட ஸ்பானர் வேண்டாம். கையால் திருகினால் போதும். எஞ்சின் உட்பட எல்லாம் கறுப்பு எனாமல். அதன் கம்பீரம் கறுப்பால் வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. வேறு ஒரு சாதாரண வண்டிக்குக் கறுப்புப் பூசிப் பார்த்தால் தெரியும், வராது. இத்தனை இருந்தும் 1955-ல் வின்சென்ட் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. நல்ல வடிவம் தன் முதலாளிக்குச் சோறு போடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இது எங்கள் தொழிலிலும் உள்ளதுதான்.

கம்பெனிகள் செய்யாத, பட்டறைகளிலேயே பிறந்த வண்டி ஒன்றையும் சொல்ல வேண்டும். அதன் பெயர் டிரைட்டன். பெல்பாஸ்ட் நகரத்து மக்காண்ட்லெஸ் சகோதரர்கள் நார்டன் கம்பெனிக்கு ஒரு சட்டம் செய்து கொடுத்தார்கள். 1950-ல் அது பந்தயங்களில் ஜெயித்தது. இறகு மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று ஒரு பந்தய வீரர் சொன்னதால் 'பெதர்பெட்' என்றே பெயராகிவிட்டது. அந்தக் காலத்தில் 500 சி.சி. பந்தயக் கார்களுக்கு நார்டன் எஞ்சின் தேவைப்பட்டது. எஞ்சின் தனியாகக் கிடைக்காததால் முழு வண்டியை வாங்கி, எஞ்சினை எடுத்துக்கொண்டு சட்டத்தை ஒதுக்கினார்கள். இன்னொரு பக்கம், டிரையம்ப் கம்பெனியின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் சுலபமாகக் கிடைத்தது. அந்த எஞ்சினுக்கு ஏற்ற நல்ல சட்டம் அவர்களிடம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துக் கல்யாணம் செய்து வைத்தார்கள். டிரையம்ப்பின் 'டிரை', நார்டனின் 'டன்'. குறை இல்லாத ஜோடி அல்ல. டிரையம்ப் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். நடுக்கம் கைக்குத் தெரியும். ஆனாலும் டிரைட்டனைப் பார்த்தால் ஒட்டுப் போட்டது போல் தோன்றாது. ஒவ்வொன்றும் மற்றதன் குறையை நிரப்ப வந்தது என்பதே காரணம்.

இனி நம் புல்லட்டுக்கு வருவோம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து ராயல் என்பீல்டு கம்பெனியோடு சேர்ந்து ஆரம்பித்தது சென்னை எண்ணூர்ப் பக்கத்துத் திருவொற்றியூர்த் தொழிற்சாலை. அதற்கு முன்பே ராணுவம் மலைகளிலும் எல்லைகளிலும் ஓட்டுவதற்காக வாங்கிய வண்டி அது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். நெடிய வீச்சு, கனத்த பிளைவீல், ஏறக்குறைய 18 குதிரைச் சக்தி. இப்படிப்பட்ட எஞ்சின் அவசரப்படாது. மெதுவான சுழற்சியிலேயே பாரத்தை இழுக்கும். அதனுடைய புகழ்பெற்ற சத்தம்கூட இந்த நிதானத்தின் சத்தம்தான். ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. நிமிர்ந்த சிலிண்டர், நிமிர்ந்த ஹாண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் மனிதன். அந்த வண்டியின் உருவம் அந்த எஞ்சினின் சுபாவத்தையே சொல்கிறது.

இப்போது அந்த இளைஞனின் வண்டியைப் பார்க்கலாம். காங்கயம் சாலையில் ஷிப்டு விடும் நேரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் அதிகம். தாங்குவதற்கு எதிர்க்காற்று இல்லை. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் விழுகிறது. பின்னால் சரிவதற்கு வேகம் இல்லை. திமிலுக்கு வேலை இல்லை. தாழ்ந்த ஹாண்டில்பார் தார்ச்சாலைப் பந்தயத்தைச் சொல்கிறது, கட்டை டயர் சேற்று நிலத்தைச் சொல்கிறது. அந்த டயர் தார்ச்சாலையில் பிடிப்பைக் குறைக்கும். ஆகவே இரண்டில் ஒன்று பொய். புகைக்குழாயில் சுற்றிய நாடா, புகையின் சூட்டை உள்ளே காத்து அதன் ஓட்டத்தைக் கெடுக்காமலிருக்கப் பந்தய எஞ்சின்களுக்காக வந்தது. இங்கே அது மழை ஈரத்தைப் பிடித்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது. சைலன்ஸரை வெட்டினால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் கணக்கு மாறும். கார்புரேட்டரின் ஜெட்டை அதற்கேற்ப மாற்றாவிட்டால் சத்தம் கூடுமே தவிரச் சக்தி கூடாது. மட்கார்டு இல்லாததன் பலனை அவன் முதுகுச் சட்டை ஐப்பசியில் சொல்லும்.

தயாரிப்பாளர் பதிவு செய்த அமைப்பை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விளக்கம் சொன்னது. அது சட்டத்தின் கவலை. என் கவலை அது அல்ல. சட்டம் அனுமதித்திருந்தாலும் அந்த வண்டி நன்றாக இல்லை என்றுதான் சொல்வேன்.

"அப்படியானால் உபயோகமில்லாத எதுவும் அழகில்லையா? புல்லட்டின் டேங்கில் உள்ள தங்கக் கோடு எந்த வேகத்தைக் கூட்டுகிறது?" என்று ஒருவர் கேட்டால், நியாயமான கேள்விதான். சென்னைத் தொழிற்சாலையில் அந்தக் கோட்டைப் பல வருஷங்கள் கையாலேயே போட்டு வந்தார்கள். தூரிகையை வைத்தால் கை நடுங்காமல் ஒரே இழுப்பு. அது ஒரு வேலையும் செய்வதில்லை. ஆனால் செய்வதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. டேங்கின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே போய், அந்த வளைவை நம் கண்ணுக்குக் காட்டிக் கொடுக்கிறது. அலங்காரத்தில் குற்றம் இல்லை. வேலை செய்யாத ஒன்று வேலை செய்வதாக வேஷம் போடுவதுதான் குற்றம்.

நானும் இந்தக் குற்றத்தைச் செய்திருக்கிறேன். என் ஆரம்ப நாவல் ஒன்றில், கதாநாயகனின் நினைவோட்டமாக நிறுத்தற்குறியே இல்லாமல் ஒரு அத்தியாயம் எழுதினேன். அயல்நாட்டு ஆசிரியர்கள் அப்படி எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு அதற்கு ஒரு அவசியம் இருந்தது. என் கதாநாயகனோ நிதானமாக யோசிக்கிற தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா. நண்பர்கள் எல்லோரும் அதைப் பிரமாதம் என்றார்கள். ஒருவராவது, "இது உன் எஞ்சினுக்குப் பொருந்தவில்லை" என்று சொல்லியிருந்தால் அடுத்த இரண்டு நாவல்கள் தப்பித்திருக்கும். அந்த இளைஞனிடம் நான் சொன்ன "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்ற வார்த்தை, அதனால்தான் எனக்கே உறுத்தியது.

வண்டியை மாற்றவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். இதே கொங்கு நாட்டில் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். கோயமுத்தூர் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த காரியம், அதை அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டியது. ஒவ்வொரு உறுப்பும் ஏன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை அது. மாற்றுகிற உரிமை அப்படித் தெரிந்துகொண்ட பிறகு வருகிறது.

பட்டறையின் பின்புறம் இன்னொரு புல்லட் நின்றது. பெரியவருடையது. அவர் மகன் சிறிய அளவில் பனியன் கம்பெனி வைத்தபோது துணி ரோல் ஏற்றுவதற்காக மாற்றியதாம். கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்திருக்கிறார். வேகம் குறைந்து இழுவை கூடும். பாரம் தாழ்வாக உட்காருவதற்காக இரண்டு பக்கமும் இறக்கி வைத்த இரும்புக் கேரியர். வலது பக்கத்துக் கேரியர் மட்டும் ஓரிடத்தில் வெளியே வளைந்து மறுபடி உள்ளே வந்தது.

"இது ஏனுங்க இப்படி?" என்று கேட்டேன்.

"கிக்கர் வந்து போகோணுமுங்களே தம்பி" என்றார்.

அந்த ஒரு வளைவை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் உதிர்ந்த, வெல்டிங் தழும்பு தெரிகிற இரும்புதான். டிரைட்டன் செய்தவர்களும் வின்சென்டும் அதைப் பார்த்திருந்தால் தங்கள் ஜாதி என்று அடையாளம் கண்டிருப்பார்கள்.

அந்த இளைஞனை மறுபடி சந்தித்தால் சொல்ல வேண்டியதை இப்போது தயாராக வைத்திருக்கிறேன். 'ஒற்றை சீட் இருக்கட்டும். நீ தனியாகப் போகிறவன். ஹாண்டில்பாரைப் பழைய உயரத்துக்கு ஏற்று. மணிக்கட்டு உனக்கு நன்றி சொல்லும். டயரையும் சைலன்ஸரையும் மாற்று. நாடாவை அவிழ்த்துவிட்டு உள்ளே துரு ஏறியிருக்கிறதா பார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவரோடு உட்கார்ந்து எஞ்சினை நீயே ஒரு தடவை பிரித்துப் பூட்டு. அதற்குப் பிறகும் இந்த வண்டியில் உனக்கு மாற்றத் தோன்றுவது எதுவோ, அதைத் தயங்காமல் மாற்று. அது நன்றாகத்தான் இருக்கும்.'