ஸ்க்ரியாபினின் இசையில் இந்தியா: ஒரு மறுநோக்கு

உருசிய இசையமைப்பாளர் அலெக்சாண்டர் ஸ்க்ரியாபினை (1872–1915) இந்திய மெய்யியலின் மாணவர் என்று அறிமுகம் செய்வது இந்தியவியல் துறையினர்க்கு எளிது; இனியதும் கூட. ஆனால், அவ்வாறு உரிமை கொண்டாடுமுன் அவருடைய படைப்புகள் அதற்கு இடந்தருகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் நாம் அவர் பேசியவற்றைப் படிக்கிறோம். எழுதிய இசையைக் கேட்பதில்லை.

1905-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான நூலொன்றைப் பிரெஞ்சு மொழியில் படித்தது முதல் அவருக்கு இந்தியா மீது ஈடுபாடு மிகுந்தது. பிரம்மஞான சபை 1875-இல் நியூயார்க்கில் தோன்றி, 1882-இல் சென்னை அடையாற்றில் இடம் வாங்கித் தன் தலைமையகத்தை அமைத்துக்கொண்டதை அறிவோம். ஸ்க்ரியாபினோ இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர். கருமம், மறுபிறப்பு முதலிய சொற்கள் ஐரோப்பியச் சல்லடையில் சலிக்கப்பட்டே அவரை அடைந்தன. இமயமலைச் சாரலில் கோயில் ஒன்று எழுப்பி, இசை, நடனம், ஒளி, நறுமணம் ஆகியன ஒருங்கிணைய ஏழு நாள் நிகழ்த்த எண்ணிய 'மிஸ்டீரியம்' என்னும் பெருந்திட்டமும் இத்தகையதே. அதில் பார்வையாளர் என எவரும் இலர்; யாவரும் பங்கேற்பாளரே. முடிவில் மனித குலமே வேறொரு நிலைக்கு உயரும் என்று அவர் நம்பினார். இக்கனவில் வரும் இமயம் நிலநூல் காட்டும் இமயமன்று.

அவ்வாறாயின் இசையில் இந்தியா எங்கே? அவர் தமது 'புரொமீதியஸ்' (1910) என்னும் படைப்பில் ஆண்ட ஆறு சுரக் கூட்டு, 'மறைபொருள் கூட்டு' எனப் பெயர் பெற்றது. அதன் அடிச்சுரத்தைச் சட்சமாகக் கொண்டால் ஏனையவை பிரதி மத்திமம், கைசிகி நிடாதம், அந்தர காந்தாரம், சதுசுருதி தைவதம், சதுசுருதி ரிடபம் என அமையும். பஞ்சமத்தையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் நம் 64-ஆம் மேளமாகிய வாசஸ்பதி கிடைக்கிறது. இப்பொருத்தத்தைக் கண்டு வியப்போர் பலராகலாம். எனினும் இஃது எண்ணிக்கையால் வந்த பொருத்தமே. வாசஸ்பதியில் சுரங்கள் கமகத்தோடு ஒன்றன்பின் ஒன்றாக நடந்து இராக உருவம் பெறுகின்றன. ஸ்க்ரியாபினிலோ அவை ஒருங்கே ஒலிக்கும் திரளாக நிற்கின்றன. இந்திய இசையை முறையாகப் பயின்றதன் தடயம் எதுவும் அவர் எழுத்தில் காணப்படவில்லை. சொப்பான், லிஸ்ட், வாக்னர் ஆகியோர் வழி வந்த ஒருவர் இக்கூட்டை அடைவதற்கு அடையாற்றின் துணை தேவையில்லை.

நோக்கத்தக்கது வேறொன்று. இக்கூட்டில் பஞ்சமம் இல்லை. சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து தரும் நிலைபேறு இதனால் நழுவுகிறது. இசை எங்கும் அமராமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. 1907-இல் எழுதிய ஐந்தாம் சொனாட்டாவிலேயே இப்போக்கு தெளிவாகிறது. அது நிலைச்சுரத்தில் வந்து அடங்குவதில்லை. தொடங்கிய பாய்ச்சலிலேயே மீண்டும் எழுந்து அறுந்துபோகிறது. 1914-இன் 'சுடரை நோக்கி' என்னும் சிறு பியானோப் படைப்பில் அரைச்சுரம் இறங்கும் மிக எளிய அசைவொன்றே மீண்டும் மீண்டும் வருகிறது. இன்னிசை என்று பாட அங்கு ஒன்றுமில்லை. அடர்த்தியும் அதிர்வும் மட்டுமே படிப்படியாக ஏற, சில நிமிடங்களில் கேட்போர் வேறோர் இடத்தில் நிற்கின்றனர். விடுதலை பற்றி அவர் எழுதிய பக்கங்களைக் காட்டிலும் இப்படைப்பு அக்கருத்துக்கு அணுக்கமானது என்பது என் கருத்து.

'புரொமீதியஸ்' இவ்வளவு நேர்மையானதன்று. அதன் எழுத்துப்படியின் உச்சியில் ஒளிக்கென்றே ஒரு வரி இருக்கிறது. விசைப்பலகை ஒன்று அரங்கில் நிறங்களை மாற்றவேண்டும் என்பது திட்டம். 1911-இல் மாஸ்கோவில் குஸ்ஸெவிட்ஸ்கி நடத்திய முதல் அரங்கேற்றத்தில் ஒளி இல்லை; 1915-இல் நியூயார்க்கில்தான் நிறங்களோடு நிகழ்த்தினர். இந்த ஒளியைப் பற்றியே பலரும் எழுதுகின்றனர். என்னை உறுத்துவது அதன் முடிவு. இருபது நிமிடம் நிலைகொள்ள மறுத்த இசை, இறுதியில் வழக்கமான பெருங்கூட்டு ஒன்றில் முழக்கத்தோடு வந்து நிற்கிறது. அரங்கத்தாருக்கு அது வெற்றி. தாம் கண்டுபிடித்த மொழியை ஆசிரியர் கடைசி வரியில் கைவிட்டார் என்றே அதை நான் வாசிக்கிறேன்.

உதட்டில் தோன்றிய சிறு புண் நஞ்சாகி 1915 ஏப்பிரலில் அவர் இறந்தபோது 'மிஸ்டீரியம்' தொடங்கப்படவே இல்லை. அதற்கு முன்னுரையாக அமையவிருந்த படைப்பின் கவிதையும், ஐம்பதுக்கு மேற்பட்ட பக்கக் குறிப்புகளுமே எஞ்சின. அவற்றைக் கொண்டு அலெக்சாண்டர் நெம்தின் பல்லாண்டுகள் உழைத்து இரண்டரை மணி நேரத்திற்கும் மேலான படைப்பொன்றை ஆக்கினார். உழைப்பு போற்றத்தக்கது, எனினும் அதைக் கொண்டு ஸ்க்ரியாபினை மதிப்பிடுதல் பொருந்தாது.

மதிப்பிடுவோர் அவருடைய இறுதி வெளியீடாகிய ஐந்து முன்னிசைகளை (எண் 74, 1914) எடுத்துக்கொள்ளலாம். ஐந்தும் சேர்ந்து பத்து நிமிடத்தை எட்டா. இரண்டாவது முன்னிசையில், மறைபொருள் கூட்டிலிருந்து அகற்றப்பட்ட அந்தப் பஞ்சம உறவே இடக்கையில் விடாத சுருதிபோல் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே குரல்கள் அரைச்சுரமாகச் சரிந்து இறங்குகின்றன. தம்புராவோடு வளர்ந்த செவிக்கு அடித்தளம் பழகியதாகவும், மேலே நிகழ்வது முற்றிலும் அயலாகவும் தோன்றும்.